இன்ஜின் தட்டும் சத்தத்தைப் பிரித்தறியும் பையனை எங்கே சேர்ப்பது?

ஐயா, வணக்கம்.

சனிக்கிழமை உங்கள் மகன் என் மேசையில் விட்டுப்போன பிஸ்டன் இன்னும் இங்கேதான் இருக்கிறது. முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் உள்ள கரை ஒரு விரல் அகலத்துக்குப் பெயர்ந்திருக்கிறது. "உருகியிருந்தா ஓரம் வழவழன்னு இருக்கும் சார். இது பிஸ்கட் மாதிரி உடைஞ்சிருக்கு. அடி வாங்கின பிஸ்டன்" என்றான். நீங்கள் அப்போது ஃபோன் பேச வெளியே போயிருந்தீர்கள். அவன் சொன்னதைக் கேட்ட பிறகுதான் உங்களுக்கு விரிவாக எழுதவேண்டும் என்று தோன்றியது.

உங்கள் கவலை நியாயமானது. உலகமே மின்சார வண்டிக்குப் போகிறது, மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கும் பையன் பெட்ரோல் இன்ஜினின் நாக்கிங்கை புராஜெக்டாக எடுப்பேன் என்கிறான். பேசாமல் கோடிங் படிக்கட்டும் என்கிறீர்கள்.

அவன் எதன்மேல் ஆசைப்படுகிறான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளக் பொறி விட்டதும் தீ அங்கிருந்து ஒழுங்காகப் பரவி, கடைசி மூலைவரை எரித்துக்கொண்டு போகவேண்டும். சில சமயம், தீ போய்ச் சேராத மூலையில் இருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை, ஏற்கெனவே எரிந்த பகுதியின் அழுத்தத்தில் நசுங்கிச் சூடேறித் தானாகவே ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும். இதுதான் நாக். அதில் எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதி மோதித் திரும்பும். கார் இன்ஜின் சிலிண்டரில் அந்த அதிர்வு வினாடிக்குச் சுமார் 6,000 முதல் 7,000 முறை. மேட்டில் கியர் குறைக்காமல் இழுக்கும்போது கேட்கும் 'கிணிகிணி' சத்தம் அதுதான். வால்வைத் தள்ளும் டேப்பட்டின் சத்தம் வண்டி சும்மா நிற்கும்போதும் இருக்கும்; இது பாரம் ஏறினால் வரும், ஆக்சிலேட்டரை விட்டால் அடங்கும்.

ப்ரீ-இக்னிஷன் வேறு. பிளக் பொறி விடுவதற்கு முன்பே, கனன்றுகொண்டிருக்கும் கார்பனோ சூடேறிய பிளக் முனையோ தீ மூட்டிவிடுவது. பரீட்சையில் நல்ல மார்க் வாங்குகிற பிள்ளைகளே இந்த இரண்டையும் குழப்புவதைப் பார்த்திருக்கிறேன். இன்றைய டர்போ இன்ஜின்களில், குறைந்த வேகத்தில் அதிக பாரம் இழுக்கும்போது, சிலிண்டருக்குள் தெறிக்கும் ஆயில் துளியிலிருந்தே இது தொடங்கிவிடுகிறது. அடுத்து வரும் நாக் மிகப் பலமானது. ஓரிரு சுற்றிலேயே ரிங் கரையை உடைத்துவிடக்கூடியது. ஆயிலில் சேர்க்கும் கால்சியம் இதைக் கூட்டுகிறது என்று தெரிந்த பிறகு ஆயில் தரமே மாறி, 2020-இல் ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற புதிய ஆயில் தரம் வந்தது. இதையும் தம்பிதான் எனக்குச் சொன்னான்.

இனி நீங்கள் கேட்ட கோடிங். இன்ஜின் பிளாக்கில் ஒரு சின்ன நாக் சென்சார் முடுக்கியிருப்பார்கள். உள்ளே இருக்கும் படிகம் அதிர்வை மின்சாரமாக மாற்றும். அந்தச் சிக்னலிலிருந்து வால்வு சத்தத்தையும் ரோட்டு அதிர்வையும் வடிகட்டி, நாக் சத்தத்தை மட்டும் பிடித்து, அடுத்த சுற்றிலேயே பிளக் பொறி விடும் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுவது இ.சி.யு. என்ற இன்ஜின் கணினியின் வேலை. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் கிராங்க் தண்டு ஒரு டிகிரி திரும்ப ஆகும் நேரம் சுமார் 56 மைக்ரோ வினாடி. எவ்வளவு தள்ளவேண்டும், எப்போது திருப்பிக் கொண்டுவரவேண்டும் என்று எண்களை நிர்ணயிப்பவர்தான் கேலிபிரேஷன் இன்ஜினியர். கையில் கிரீஸ் படுவதைவிட, திரையில் வரைபடம் பார்ப்பதுதான் அவருக்கு அதிகம். ஒழுங்காகப் படித்தால், தம்பி நீங்கள் கேட்ட கோடிங்கைத்தான் படிப்பான். அவனுக்குப் பிடித்த வாசல் வழியாகப் படிப்பான்.

பெட்ரோலுக்கு எதிர்காலம் உண்டா? நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நாக் வராமல் தாங்கும் திறனைக் காட்டும் ஆக்டேன் எண் எத்தனாலுக்குச் சுமார் 108. ஆனால் லிட்டருக்குச் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலவை மாறினால் டைமிங்கை மறுபடி பார்த்தாக வேண்டும். ஹைப்ரிட் காரிலும் இன்ஜின் இருக்கிறது. 2023-இல் அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் ஹைட்ரஜனை எரிக்கும் லாரியைக் காட்டின. ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளப் பெட்ரோலுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்கு பொறி போதும். அங்கே ப்ரீ-இக்னிஷன்தான் பெரிய தலைவலி.

மறைக்காமல் ஒன்றும் சொல்லவேண்டும். இந்த வேலைக்கு இடங்கள் ஐ.டி. அளவுக்கு இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், புனே என்று சில ஊர்களைச் சுற்றியே இருக்கும். பலர் முதலில் கான்ட்ராக்ட் நிறுவனம் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். முதல் சில ஆண்டுகள் சம்பளம் அவன் நண்பர்களைவிடக் குறைவாக இருக்கலாம். வீட்டில் கடன் இருந்தால் அதை இப்போதே அவனிடம் திறந்து பேசுங்கள். மேலே படிக்க ஆசை என்றால், சென்னை ஐ.ஐ.டி.யில் எரிதல் ஆராய்ச்சிக்கென்றே தேசிய மையம் இருக்கிறது. கேட் தேர்வுக்கு இந்த ஆண்டே உட்காரட்டும். இன்ஜின் மட்டும்தான், சிக்னல் பக்கம் வரமாட்டேன் என்று அடம்பிடித்தால், அப்போது நானும் உங்கள் கட்சிதான்.

புராஜெக்டை எழுத்து அறிக்கையாக முடிக்க விடாதீர்கள். கல்லூரி ஆய்வகத்தில் கம்ப்ரஷன் விகிதத்தை, அதாவது கலவையை எவ்வளவு நசுக்குகிறோம் என்பதை, மாற்றக்கூடிய வி.சி.ஆர். இன்ஜின் இருக்கிறதா என்று ஆசிரியரிடம் கேட்கட்டும். ஒரு பழைய நாக் சென்சார் வாங்கி அதில் பொருத்தட்டும். அதன் சிக்னலை லேப்டாப்பின் மைக் துளை வழியே வினாடிக்கு 44,100 முறை பதியலாம், 7,000 அதிர்வைப் பிடிக்க அது தாராளம். ஆசிரியர் பக்கத்தில் இருக்க, லேசாகத் தட்டும் அளவுக்கு மட்டும் விகிதத்தை ஏற்றி, பைத்தானில் அலைவரிசையைப் பிரித்துப் பார்க்கட்டும். வேலைக்கு எடுப்பவர் முன்னால் அந்த ஒரு வரைபடத்தை வைத்தால் அவரே கேள்வி கேட்கத் தொடங்குவார்.

பிஸ்டன் பத்திரமாக இருக்கிறது. டேப்பட் சத்தத்தின் வரைபடம் ஒன்றும் நாக் சத்தத்தின் வரைபடம் ஒன்றும் எடுத்துக்கொண்டு வந்து வாங்கிப்போகச் சொல்லுங்கள். அன்றைக்கு நீங்களும் கூட வாருங்கள், அவன் விளக்குவதை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள்.