சடையன் எப்போது வருவான்?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் சயாம் ரயில் நாவலின் மூன்று பாகங்களும் என்னிடம் இருக்கின்றன. மூன்றையும் வெளியீட்டு விழாக்களில் உங்கள் கையெழுத்தோடு வாங்கினேன். மூன்றாம் பாகம் 2018-இல் வந்தது. ‘நான்காம் பாகத்துடன் நிறைவுறும்’ என்று பின்னட்டையில் போட்டிருந்தீர்கள். அதன் பிறகு சத்தமே இல்லை.

என் அம்மாவுக்கு 84 வயது. பார்வை மங்கிவிட்டதால் இரவில் நான்தான் படித்துக் காட்டுகிறேன். மூன்று பாகங்களும் இரண்டு சுற்று முடிந்துவிட்டன. உங்கள் கதைநாயகன் சடையனைப் போல அம்மாவின் அப்பாவும் ஜப்பானியர் காலத்தில் ரயில் பாதை போடச் சயாமுக்குப் (இன்றைய தாய்லாந்து) போனவர்; அவர் திரும்பவில்லை. “சடையன் வீடு வந்து சேர்ந்தானா?” என்று அம்மா கேட்கும்போது நான் என்ன சொல்வது? கல்கி வாரம் தவறாமல் எழுதிப் பொன்னியின் செல்வனை முடித்தாரே, உங்களால் ஏன் முடியவில்லை? இலக்கியக் கூட்டங்களில் நீங்கள் பேசும் செய்தியைப் பத்திரிகையில் பார்க்கும்போது, இதற்கெல்லாம் நேரம் இருக்கிறதே என்று கோபம் வருகிறது. முழுவதும் வெளிவராத தொடர் எதையும் இனி வாங்குவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

பொறுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. கேட்க உரிமை உள்ளவர் கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மாவைப் பற்றிய வரிகளுக்கு வந்ததும் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டேன்.

இந்தக் கோபம் உலகம் முழுவதும் இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் மார்ட்டின் தம் பெருந்தொடரின் ஐந்தாம் பாகத்தை 2011-இல் வெளியிட்டார். ஆறாவதற்கு வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். 2009-இல், ஐந்தாம் பாகமே வராமல் இருந்தபோது, இன்னொரு புகழ்பெற்ற எழுத்தாளர் அவருக்குப் பரிந்துகொண்டு, மார்ட்டின் உங்களுக்கு ஊழியம் செய்யக் கடமைப்பட்டவர் அல்லர் என்ற பொருளில் ஒரு வாசகருக்குக் காரமாகப் பதில் எழுதினார். எழுதுகிறவர்கள் பலர் அதை மகிழ்ச்சியோடு எடுத்துச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பதிலின் நிழலில் ஒதுங்க மனம் வரவில்லை. அட்டையில் ‘முதல் பாகம்’ என்று அச்சிட்டபோதே நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த வாக்கை நம்பித்தான் நீங்கள் 30 வெள்ளி கொடுத்தீர்கள். அது கடன். கடன்காரி பேசாமல் இருந்ததுதான் என் தவறு. தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது; மௌனத்துக்கு இல்லை. ஆண்டுக்கொரு முறையாவது, வேலை இந்த இடத்தில் நிற்கிறது என்று நான் எழுதியிருக்க வேண்டும்.

அந்தக் காரணத்தை இப்போதாவது சொல்கிறேன்.

சடையன் எப்படித் திரும்புகிறான் என்பதை மூன்றாம் பாகம் அச்சுக்குப் போகும் முன்பே எழுதிவிட்டேன். ரயில் நிலையம், கூட்டம், மனைவி அவனைக் கண்டு ஓடி வருவது என்று 120 பக்கங்கள். நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தேன். பிறகு சுங்கைப் பட்டாணியில் மூன்றாம் பாக வெளியீடு நடந்தது. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது எண்பதைக் கடந்த ஒரு பாட்டி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். புத்தகம் வாங்கவில்லை. தம் அப்பா சயாமிலிருந்து வந்த நாளைச் சொன்னார். தோட்டத்து லயன் வீட்டு வாசலில் எலும்பும் தோலுமாக ஓர் ஆள் வந்து நின்று தண்ணீர் கேட்டாராம். யாரோ வழிப்போக்கர் என்று நினைத்து அம்மா சொம்பில் கொண்டுபோய்க் கொடுத்தாராம். வந்தவர் குடித்துவிட்டு, சொம்பைத் திண்ணையில் கவிழ்த்து வைத்தாராம். “எங்கள் வீட்டில் அப்பா மட்டும்தான் சொம்பைக் கவிழ்த்து வைப்பார்” என்றார் பாட்டி. “அதைப் பார்த்த பிறகுதான் அம்மா அவர் முகத்தைப் பார்த்தார்.”

அன்று இரவு வீட்டுக்கு வந்து என் 120 பக்கங்களையும் எடுத்துப் படித்தேன். ஒரு பக்கம்கூட நிற்கவில்லை. அவ்வளவு நாள் பட்டினியும் காய்ச்சலும் தின்ற உடம்பை மனைவி தூரத்திலிருந்து எப்படி அடையாளம் காண்பாள்? வாசலில் நின்றாலும் தெரியாத முகம் அது. நான் எழுதியது சினிமா.

அப்படியானால் மாற்றி எழுத வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் தொடர் எழுதுவதன் இடர்ப்பாடு. முதல் பாகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியில் சடையனின் இடது சுண்டுவிரல் போய்விடுகிறது. உங்களிடம் இருக்கும் புத்தகத்தில் அது அச்சாகியிருக்கிறது. நான் அழிக்க முடியாது. விரல் இல்லாத கையைப் பார்த்த மறுகணமே மனைவிக்குத் தெரிந்துவிடும். அவளுக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமானால் கையைப் பார்க்கக் கூடாது. பார்க்காமல் இருக்க வேண்டுமானால் நேரம், வெளிச்சம், அவன் வந்து நிற்கும் நிலை எல்லாம் மாற வேண்டும். அவன் பகலில் வருகிறான் என்று மூன்றாம் பாகத்தின் கடைசிக் கனவில் வேறு சொல்லிவைத்திருக்கிறேன். தனி நாவல் என்றால் கடைசிப் பக்கம் எழுதும்போது முதல் பக்கத்துக்குப் போய்த் திருத்தலாம். தொடரில் முன்னால் வந்த பாகங்கள் பூட்டிய அறைகள்.

இன்னொன்றும் உண்டு. தாய்லாந்தின் காஞ்சனபுரியில், அந்த ரயில் பாதையில் மாண்ட போர்க்கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ 7,000 இருக்கின்றன. பெரும்பாலான கற்களில் பெயர் உண்டு. 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடப் போன நம் தோட்ட மக்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை. பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. போர் 1945 ஆகஸ்டில் முடிந்தது. இணைந்த பிறகும் பலரைப் பராமரிப்பு வேலைக்கு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் சடையன் என்ன செய்தான் என்பதை நான் வாய்மொழியாகத்தான் தேட வேண்டியிருக்கிறது. கூட்டங்களுக்கு நான் போவதும் அதற்காகத்தான். பேச்சு முடிந்த பிறகு யாராவது ஒரு பெரியவர் வந்து பக்கத்தில் உட்காருவார். சில கூட்டங்களில் யாரும் வருவதில்லை. வருகிறவர்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். உங்களைவிட எனக்குத்தான் அவசரம், தம்பி.

கல்கியைச் சொன்னீர்கள். 1950-இலிருந்து 1954 வரை, சொந்தப் பத்திரிகையில், வாரந்தோறும் வாசல் கதவைத் தட்டும் அச்சகத்துக்கு எழுதி முடித்தார். அந்த உழைப்புக்கு முன்னால் நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் அவருடைய முடிவுரையை மறுபடி படித்துப் பாருங்கள். கதை சட்டென்று முடிந்துவிட்டது, இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று கேட்ட வாசகர்களுக்கு அவர் அதில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதே ஆண்டு டிசம்பரில் மறைந்தார். அவர் பாதியில் விட்ட அமரதாரா நாவலை, அவருடைய குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி முடித்தார். நானும் குறிப்பேடு வைத்திருக்கிறேன். அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பது என் மகளுக்குத் தெரியும்.

இனி வாங்குவதில்லை என்ற உங்கள் முடிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் பாகம் 500 பிரதிகள் அச்சிட்டேன். அது விற்ற பணத்தில்தான் இரண்டாம் பாகம் அச்சானது. எல்லாரும் முழுவதும் வரட்டும் என்று காத்திருந்தால், நம் ஊரில் எந்தத் தமிழ்த் தொடரும் முதல் பாகத்தைத் தாண்டாது. என் புத்தகத்தை வாங்காவிட்டால் போகட்டும். இப்போது முதல் பாகத்தோடு வெளியீட்டு மேடையில் நிற்கும் இளையவர்களைக் கைவிட்டுவிடாதீர்கள்.

கடைசியாக அம்மா. ஸ்டீபன் கிங் என்ற அமெரிக்க எழுத்தாளர் எழுதியிருக்கிறார்: புற்றுநோயால் சாகக் கிடந்த ஒரு மூதாட்டி, உங்கள் தொடரின் முடிவை எனக்கு மட்டும் சொல்லுங்கள் என்று அவருக்குக் கடிதம் போட்டாராம். அவரால் சொல்ல முடியவில்லை. முடிவு அவருக்கே அப்போது தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தெரியும். வழிதான் இன்னும் முழுதாகப் போடப்படவில்லை. பாட்டியிடம் அனுமதி கேட்டேன்; “எழுது, ஆனால் எங்கள் அம்மா பெயரைப் போடாதே” என்றார். சொம்பு அத்தியாயம் முடிந்துவிட்டது. 14 பக்கங்கள். அவன் சாயங்காலத்தில் வருகிறான், போர்வை போர்த்தி, காய்ச்சலோடு. மூன்றாம் பாகத்துக் கனவு பொய்த்துப்போகிறது, கனவுதானே.

அந்த 14 பக்கங்களோடு வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஃபெரியில் பட்டர்வொர்த் வருகிறேன். நானே அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். அம்மாவுக்குச் சம்மதமா என்று கேட்டு எழுதுங்கள். எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்றும் எழுதுங்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா
ஜார்ஜ் டவுன், பினாங்கு