கார்த் துரு: இம்மாதக் கேள்வி-பதில்

இந்தமுறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டிசம்பர் மழைக்குப் பிறகு எழுதியவை. கார்ப்பெட் நனைந்திருக்கிறது, தூக்கிப் பார்த்திருக்கிறார்கள், அடியில் ஓட்டை. சில கடிதங்களில் கார் எது, எந்த ஆண்டு என்றுகூட இல்லை. அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டேன். மாடல், ஆண்டு, துருப்பிடித்த இடம், இந்த மூன்றும் இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

கே: டாட்சன் 120ஒய், 1975. முன் மட்கார்டில் ஹெட்லைட்டுக்கு மேலே 50 காசு அளவுக்குப் பெயின்ட் குமிழி விட்டிருக்கிறது. தேய்த்து, துரு மாற்றும் திரவம் பூசி, பெயின்ட் அடித்தால் போதுமா? – ஈசூன்

ப: போதாது. அந்த இடத்தில் குமிழி வந்தால் துரு உள்ளேயிருந்து வந்திருக்கிறது. டயர் வாரி அடிக்கும் சேறு மட்கார்டின் உள்மடிப்பில் போய்த் தங்கும், காயவே காயாது. வெளியே 50 காசு அளவு தெரிந்தால் உள்ளே ஓர் உள்ளங்கை அளவு போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைக் கழற்றி, சேற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் தகடு இருக்கிறது. சத்தமில்லாமல் உள்ளே இறங்கினால் வெட்ட வேண்டியதுதான்.

துரு மாற்றும் திரவத்தில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம். மேலாக இருக்கும் துருவை அது கெட்டியான படலமாக மாற்றும். ஆழமான குழிக்குள் இருப்பதைத் தொடாது, ஓட்டை விழுந்த தகட்டைத் திருப்பியும் தராது. நல்ல தகட்டில் லேசான மேல்துரு இருந்தால் மட்டும் பூசுங்கள்.

கே: மிக் வெல்டிங் மெஷின் (கம்பி தானாக வந்து உருகும் வகை) வாங்கப் போகிறேன். எத்தனை ஆம்பியர் வைக்க வேண்டும்? கேஸ் இல்லாத வகை மலிவாக இருக்கிறது, வாங்கலாமா? – உட்லண்ட்ஸ்

ப: எந்தத் தகடு, என்ன தடிப்பம் என்று எழுதாமல் ஆம்பியர் கேட்டால் எப்படி? அந்தக் காலத்துக் கார்களின் வெளித்தகடு 0.8 முதல் 1 மி.மீ. வரை, கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டியும் தாங்கும் பாகங்களும் 1.2 மி.மீ.க்கு மேல். 1 மி.மீ. தகட்டுக்கு 40 ஆம்பியரில் தொடங்கி, அதே தடிப்பத்தில் ஒரு துண்டுத் தகட்டில் பழகிப் பாருங்கள். காரில் பழகாதீர்கள்.

கேஸ் இல்லாத வகை வேண்டாம். சூடு அதிகம், தெறிப்பு அதிகம், மெல்லிய தகட்டைத் துளைத்துவிடும். ஆர்கன் கலவை கேஸும் 0.6 மி.மீ. கம்பியும் வாங்குங்கள். கோடு இழுக்காதீர்கள். ஒரு புள்ளி வையுங்கள், எதிர்முனையில் ஒரு புள்ளி, நடுவில் ஒரு புள்ளி. கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறியபின் அடுத்தது. ஓர் அடி நீளத்தை மூட ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். அவசரப்பட்டால் தகடு அப்பளம்போல நெளிந்துவிடும், அதைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆகும்.

எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வெல்டிங் தொடங்குமுன் பேட்டரியைக் கழற்றுங்கள். பின்பக்க வேலை என்றால் பெட்ரோல் டேங்கை இறக்கி வேறிடத்தில் வையுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முடித்த பிறகு அரை மணி நேரம் காரைவிட்டு நகராதீர்கள். தகட்டுக்குப் பின்னால் இருக்கும் பஞ்சும் பழைய தாரும் புகைந்து பற்ற அவ்வளவு நேரம் எடுக்கும்.

கே: வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிக் கார்நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் இரவு பத்து மணிக்கு மேல் யாரும் இருப்பதில்லை. சின்ன வெல்டிங் வேலைதான். பரவாயில்லையா? – பொங்கோல்

ப: கூடாது. பக்கத்தில் நிற்கும் காரின் டேங்கிலும் பெட்ரோல் இருக்கிறது. சின் மிங்கிலோ காக்கி புக்கிட்டிலோ தெரிந்த வொர்க்‌ஷாப்பில் இடம் கேளுங்கள். தரைவீடு உள்ள நண்பர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். வீட்டிலேயே செய்ய ஆசையென்றால் கழற்றக்கூடிய பாகங்களில் கையால் தேய்த்துச் செய்யும் வேலைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: மோரிஸ் மைனர், இரண்டு கதவு. இரண்டு பக்கச் சில் பெட்டியையும் வெட்டி எடுத்துவிட்டேன். இப்போது கதவு மூட மாட்டேன் என்கிறது. கீல் கெட்டுவிட்டதா? – சிராங்கூன் கார்டன்ஸ்

ப: கீலில் ஒன்றுமில்லை. கார் வளைந்துவிட்டது.

மோரிஸ் மைனருக்குத் தனி இரும்புச் சட்டம் (சேஸி) கிடையாது. உடம்புதான் சட்டம். அதில் பெரும்பங்கைத் தாங்குவது கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி. இரண்டையும் ஒரே நேரத்தில், முட்டு எதுவும் கொடுக்காமல் வெட்டினால் நடுப்பகுதி தொங்கிவிடும். போன ஆண்டும் இதையே எழுதினேன். ஒரு பக்கம் முடித்த பிறகுதான் மறுபக்கம். வெட்டுமுன் கதவுச் சட்டத்தின் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையே இரும்புக் குழாயை வைத்துப் புள்ளி வெல்டிங் போடுங்கள். குறுக்கே இன்னொரு குழாயும் போடுங்கள்.

இனி என்ன செய்வது? மேற்கொண்டு எதையும் வெட்டாதீர்கள். முன்னும் பின்னும் அச்சு இருக்கும் இடங்களில் ஸ்டாண்டு வைத்து, நடுவில் ஜாக்கியால் மிக மெதுவாகத் தூக்குங்கள். ஜாக்கியின்மேல் நீளமான மரக்கட்டை வையுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடித்த தரையைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். கதவைச் சுற்றி எல்லாப் பக்கமும் இடைவெளி 4, 5 மி.மீ. என்று ஒரே சீராக வந்ததும் குழாயை வெல்டிங் செய்து நிறுத்துங்கள். குறுக்களவுகளை இரண்டு பக்கமும் எடுத்து ஒப்பிடுங்கள். அது சரியாக வந்த பிறகே புதுச் சில்லைக் கையில் எடுங்கள். முதலில் உள்தகடு, கடைசியில் வெளித்தகடு. ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மூடிப் பாருங்கள்.

கே: தகட்டுத் துண்டு வெட்டி ஒட்டும்போது மேலே ஏற்றி ஒட்டுவதா, விளிம்போடு விளிம்பு சேர்ப்பதா? – அங் மோ கியோ

ப: கண்ணில் படும் இடத்திலும் தண்ணீர் படும் இடத்திலும் விளிம்போடு விளிம்பு. ஏற்றி ஒட்டினால் இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரம் புகுந்து அங்கிருந்தே துரு மறுபடி தொடங்கும். துரு தெரியும் இடத்துக்கு வெளியே ஓர் அங்குலம் தள்ளி, பளபளக்கும் இரும்புவரை வெட்டுங்கள். மைலோ அட்டைப்பெட்டியில் அச்சு வெட்டிப் பார்த்துவிட்டுத் தகட்டில் வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக்குங்கள்.

கே: இங்கிலாந்திலிருந்து வந்த மினி. காருக்கு அடியில் பூச 600 வெள்ளி கேட்கிறார்கள். கறுப்புத் தார் பூச்சு, தடிமனாக அடித்தால் இனி துருவே வராது என்கிறார்கள். அடித்துவிடலாமா? அடியில் லேசாகத் துரு இருக்கிறது. – ஈஸ்ட் கோஸ்ட்

ப: அடிக்கவே அடிக்காதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றிரவே பதிலை எழுதி வைத்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு மினி வாங்கினேன். விற்றவர் காரைத் தூக்கிக் காட்டினார். அடிப்பாகம் முழுக்கப் புத்தம்புதிய கறுப்பு. 'பாருங்க, எவ்வளவு சுத்தம்' என்றார். நானும் நம்பினேன். நான்கு மாதம் கழித்துப் பின்சீட்டில் உட்கார்ந்த என் மகளின் காலுறை நனைந்தது. சூடு கொடுத்துச் சுரண்டினேன். தார் சுருள் சுருளாக வந்தது, கூடவே துருப் பொருக்கும் கைகையாக வந்தது. அதற்கடியில் பள்ளம் நிரப்பும் பட்டி, பட்டிக்கு அடியில் கசக்கித் திணித்த செய்தித்தாள். பின் சப்ஃபிரேமைப் பிடிக்கும் இடத்தில் என் முஷ்டி நுழையும் ஓட்டை. பின்சக்கரங்களைத் தாங்கும் இடம் அது. அந்தக் காரில் என் பிள்ளைகளை நான்கு மாதம் ஏற்றிச் சென்றிருக்கிறேன். இன்றும் நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

தார் ஏன் ஆகாது என்று சொல்கிறேன். புதிதாக இருக்கும்போது மெத்தென்று ஒட்டும். சில ஆண்டுகளில் காய்ந்து வெடிப்பு விடும். வெடிப்பு வழியாகத் தண்ணீர் ஏறும், ஆனால் வெளியேற வழியில்லை. தகட்டுக்கும் தாருக்கும் நடுவே மெல்லிய ஈரப்படலம் ஆண்டு முழுக்க நிற்கும். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே வெறும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். நம் சிங்கப்பூரில் சராசரி 80க்கு மேல், விடியற்காலையில் 90ஐயும் தாண்டுகிறது. இங்கிலாந்துக் கார் என்றால் இன்னொன்றும் உண்டு. அங்கே குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்புப் போடுகிறார்கள். அந்த உப்பு தகட்டு இணைப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு கப்பலேறி இங்கே வருகிறது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அதன்மேல் தாரைப் பூசினால் ஊறுகாய்ச் சாடியை மூடி வைத்ததுபோல ஆகிவிடும். போதாததற்கு, தண்ணீர் வடிவதற்காகச் சில் பெட்டியிலும் கதவின் அடியிலும் விட்டிருக்கும் சிறு துளைகளையும் அவசரத்தில் சேர்த்து அடைத்துவிடுகிறார்கள். அப்புறம் சில் பெட்டி தண்ணீர்த் தொட்டிதான்.

செய்ய வேண்டிய வரிசை இது. இருக்கும் தாரை ஹீட் கன் வைத்து இளக்கிச் சுரண்டுங்கள்; தீச்சுடர் காட்டாதீர்கள். அடிப்பாகத்தையும் இணைப்புகளையும் நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, இரண்டு நாள் காற்றாடி வைத்துக் காயவிடுங்கள். போனதை வெட்டிப் புதுத் தகடு வையுங்கள். சுத்தமான இரும்பில் எப்பாக்ஸி பிரைமர் இரண்டு கோட். இணைப்புகளில் சீலர். அதற்குமேல் கல்லடி தாங்கும் பெயின்ட், நிறம் வெளிர் சாம்பலாக இருந்தால் நல்லது, அடுத்த துரு உடனே கண்ணில் படும். பெட்டி போன்ற உட்புறங்களுக்கு நீண்ட குழாய் வைத்து மெழுகு அடியுங்கள். மெழுகு இளகியே இருக்கும், விரிசலுக்குள் தானே ஓடிப் புகும், தார்போலக் காய்ந்து வெடிக்காது. வெல்டிங் முழுக்க முடிந்த பிறகே மெழுகு, அது தீப்பிடிக்கும். கடைசியாக வடிதுளைகள் ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை படுத்துப் பார்த்து, உரிந்த இடத்தில் மறுபடி அடியுங்கள்.

அந்த 600 வெள்ளியை மெழுகுக்கும் பிரைமருக்கும் செலவழியுங்கள். மிச்சமும் இருக்கும். கார் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: புதுக் கறுப்புப் பூச்சு அடித்த பழைய காரைக் காட்டினால், ஒரு சாண் இடத்தைச் சுரண்டிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கே: பட்டி கலந்து பூசுவதற்குள் டின்னிலேயே இறுகிவிடுகிறது. போலியா? – ஜூரோங் வெஸ்ட்

ப: போலி இல்லை. நம் ஊர்ச் சூடு. கடினமாக்கியை 2 விழுக்காட்டுக்கு மேல் போடாதீர்கள். கோலிக்குண்டு அளவு பட்டிக்குக் கடுகளவு. ஒரு தடவைக்கு ஒரு கரண்டி மட்டும் கலக்குங்கள், டின்னுக்குள் கலக்காதீர்கள். தடிப்பம் 3 மி.மீ.க்கு மேல் போனால் அது பட்டி வேலை இல்லை, தகட்டை இன்னும் தட்டி எடுக்க வேண்டும். தண்ணீர்த்தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) வைத்துத் தேய்க்காதீர்கள், பட்டி தண்ணீரை உறிஞ்சும்.

கே: சின்னப் பாகங்களைச் சோடா உப்புத் தண்ணீரில் போட்டு, பேட்டரி சார்ஜர் இணைத்துத் துரு எடுக்கிறேன். அழியாமல் இருக்கட்டும் என்று எதிர்ப்பக்கம் எவர்சில்வர் கரண்டி வைத்திருக்கிறேன். தண்ணீர் மஞ்சளாகிறது. – தெம்பனிஸ்

ப: உடனே நிறுத்துங்கள். எவர்சில்வரிலிருந்து குரோமியம் கரைந்திருக்கலாம். அதில் ஒரு வகை புற்றுநோய் தரக்கூடிய நஞ்சு. கையுறை போட்டுக்கொண்டு அந்தத் தண்ணீரைத் தனிப் புட்டியில் மூடி வையுங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள், நச்சுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். இனி சாதாரண இரும்புத் துண்டை வையுங்கள். சாளரம் திறந்திருக்கட்டும், அதில் வெளிவருவது ஹைட்ரஜன். ஸ்பிரிங்கையும் கடினப்படுத்திய போல்ட்டுகளையும் இந்த முறையில் போடாதீர்கள், நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

கே: வெல்டிங் போடுமுன் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தேன். தொண்டை எரிந்தது. – பிடோக்

ப: முதலில் மருத்துவரைப் பாருங்கள், நடந்ததை அப்படியே சொல்லுங்கள். குளோரின் சேர்ந்த கிளீனர் வெல்டிங் சுடரில் பட்டால் பாஸ்ஜீன் வாயு உண்டாகும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்திய வாயு அது. நுரையீரல் பாதிப்பு பல மணி நேரம் கழித்தும் தெரியலாம். இனி அசிட்டோன் வைத்துத் துடைத்து, முழுக்க ஆவியாகிப் போகும்வரை காத்திருந்து, டின்னையும் துணியையும் தூரமாக வைத்துவிட்டு வெல்டிங் தொடங்குங்கள். துத்தநாகப் பிரைமர் பூசிய தகட்டில் வெல்டிங் செய்தாலும் புகை கெட்டது, காய்ச்சல் வரும். முகமூடி போடுங்கள்.

கே: பெயின்ட்டை நானே வீட்டு முற்றத்தில் அடிக்கலாமா? டூ-கே பெயின்ட் (கடினமாக்கி கலந்து அடிப்பது). சாதாரண முகக்கவசம் இருக்கிறது. – புக்கிட் தீமா

ப: வேண்டாம். அதன் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால் ஆஸ்துமா நிரந்தரமாக வரலாம். வெளியிலிருந்து காற்றுத் தரும் முகமூடி இல்லாமல் தொழில்முறைப் பெயின்டரும் அதைத் தொடக்கூடாது. பிரைமர்வரை தூரிகையால் நீங்கள் பூசுங்கள், மேல்பெயின்ட்டைப் பெயின்ட் அடிக்கும் கூண்டு வைத்திருப்பவரிடம் விடுங்கள்.

கே: வோக்ஸ்வேகன் பீட்டில், 1968. பின்சீட்டுக்கு அடியில் பேட்டரி வைக்கும் இடம் முழுக்கப் போய்விட்டது. துண்டு ஒட்டுவதா, பாதித் தரையையே மாற்றுவதா? – சுவா சூ காங்

ப: பாதித் தரை. பேட்டரி அமிலம் கண்ணுக்குத் தெரிவதைவிட அகலமாகப் போயிருக்கும், துண்டு ஒட்டப் பிடிமானம் கிடைக்காது. பாதித் தரைத்தகடு தனியாகவே விற்கிறது. புதுத் தகட்டின் விளிம்பைப் பழையதோடு வைத்துப் பார்த்த பிறகே வெட்டுங்கள். மாற்றி முடித்ததும் பேட்டரிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வையுங்கள், பேட்டரி முனைமேல் மூடி போடுங்கள். அந்தச் சீட்டின் ஸ்பிரிங் முனையில் இடித்துத் தீப்பிடித்த பீட்டில்கள் உண்டு.