மூக்கைக் கழுவினால் எரிகிறதே!

கேள்வி: சைனஸ் அடைப்புக்கு உப்பு நீரால் மூக்கைக் கழுவுகிறேன். எரிச்சல் தாங்க முடியவில்லை, காதும் அடைக்கிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: கலவையைச் சரிசெய்து பாருங்கள். வெறும் நீரும் எரியும், உப்பு கூடினாலும் எரியும். 250 மி.லி. நீருக்கு அயோடின் சேர்க்காத தூள் உப்பு தலைதட்டி அரை டீஸ்பூன், சமையல் சோடா ஒரு சிட்டிகை. கொதிக்கவைக்காத குழாய் நீர் கூடவே கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா அதில் இருக்கலாம். 5 நிமிடம் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். குனிந்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி மேல் துவாரத்தில் மெதுவாக விட்டால் கீழ்த் துவாரம் வழியே வடியும்.

பாட்டிலை வேகமாக அழுத்துவதாலும், கழுவியதும் இரு துவாரத்தையும் பொத்திப் பலமாகச் சிந்துவதாலும்தான் நீர் காதுப் பக்கம் ஏறுகிறது. வாய் திறந்தபடி, மென்மையாகச் சிந்துங்கள். காது வலித்தால் கழுவுவதை நிறுத்திவிட்டு இ.என்.டி. மருத்துவரிடம் காட்டுங்கள்.