அந்த டியூபை மகளுக்குப் போடாதீர்கள்

கேள்வி: எனக்கு 34 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். எட்டு மாதமாக இடுப்பைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் படர்தாமரை. மெடிக்கலில் சொல்லி ஒரு டியூப் வாங்கிப் போட்டேன். மூன்றே நாளில் அரிப்பு நின்றது. போடுவதை விட்டால் முன்னைவிட அதிகமாக வருகிறது. பத்துப் பன்னிரண்டு டியூப் தீர்ந்துவிட்டது. இப்போது மகளுக்கும் கழுத்தில் வட்டமாக வந்திருக்கிறது. அவளுக்கும் இதையே போடலாமா? டாக்டரிடம் போய்க் காட்ட வெட்கமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: அன்புச் சகோதரி, மகளுக்கு அந்த டியூபைத் தொட்டுக்கூடப் போட வேண்டாம். நீங்களும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

டியூபின் பெயரை நீங்கள் எழுதவில்லை. வீட்டில் இருந்தால் எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. கூடவே ஒரு பூஞ்சை மருந்தும் ஒரு ஆன்டிபயாட்டிக்கும் கலந்திருக்கும். என்னிடம் வருகிறவர்கள் வால் பக்கத்திலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பிதுக்கிய டியூபைப் பையிலிருந்து எடுக்கும்போதே எனக்கு மனசு கனத்துப்போகும்.

படர்தாமரை என்பது பூஞ்சைத் தொற்று. அரிப்பும் சிவப்பும் அந்தப் பூஞ்சையோடு உங்கள் உடம்பு போடும் சண்டை. ஸ்டீராய்டு செய்வது அந்தச் சண்டையை நிறுத்துவதுதான். அதனால்தான் மூன்று நாளில் சுகமாக இருந்தது. தடுக்க ஆள் இல்லாத பூஞ்சை உள்ளுக்குள் பரவிக்கொண்டே இருந்தது. டியூபை விட்டதும் உடம்பு விழித்துக்கொண்டு மறுபடி எதிர்க்கிறது. முன்னைவிட அதிகம் என்று உங்களுக்குத் தோன்றுவது அதுதான். வட்டத்துக்குள் வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீராய்டு போட்டுக் கெட்ட படர்தாமரை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். தொடை இடுக்கில் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு மாதிரிக் கோடுகள் விழுந்திருந்தால் அவை முழுதாக மறையாது. இதை மறைக்காமல் சொல்கிறேன், இன்னும் விழாமல் இருக்க வேண்டும் என்பதற்காக.

இந்தக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியைக் கடுமையாக்கியது. ஆனாலும் கேட்டவுடன் கிடைக்கிறது. தவறு உங்கள் மேல் இல்லை.

டியூபை நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடும். பயந்து திரும்ப எடுத்துவிடாதீர்கள். அதற்குள் ஒரு தோல் டாக்டரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. பெண் டாக்டர் வேண்டும் என்று ஓ.பி.யில் தயங்காமல் கேட்கலாம். இடுக்கில் வரும் படர்தாமரை எங்களுக்குத் தினமும் பார்க்கிற விஷயம். வட்டத்தின் ஓரத்தில் லேசாகச் சுரண்டி, அந்தச் செதிலில் ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். பூஞ்சை, கிளைவிட்ட நூல் மாதிரித் தெரியும். வலிக்காது.

இவ்வளவு நாள் ஆனதற்குக் களிம்பு மட்டும் போதாது, மாத்திரையும் தேவைப்படும். இப்போதைய பூஞ்சை முன்பு மாதிரி இரண்டு வாரத்தில் போவதில்லை. ஆறு வாரம், எட்டு வாரம்கூட ஆகலாம். இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் எழுதினால் வயிறார சாப்பிட்டவுடன் போடுங்கள். கேஸ் மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. அப்படிப் போடும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தாலும், கல்லீரல் அல்லது இதயத் தொந்தரவு இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. களிம்பை வட்டத்தைத் தாண்டி ஒரு விரல் அகலம் வெளியே வரை தடவுங்கள். வட்டம் மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். பலருக்குத் திரும்ப வருவதே இங்கே விடுவதால்தான்.

நீங்கள் நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்து வேலை செய்கிறவர். உள்பாவாடை நாடா இறுக்கிய இடத்தில் வேர்வை காயவே காயாது. வட்டம் இடுப்பைச் சுற்றி வந்ததற்கு அதுவும் காரணம். நாடாவைத் தளர்த்திக் கட்டுங்கள், கட்டும் இடத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். லெகிங்ஸ் கொஞ்ச நாள் வேண்டாம். வேலை முடிந்து வந்ததும் குளித்து, இடுக்குகளை நன்றாகத் துடைத்து, ஈரம் போன பிறகு துணி மாற்றுங்கள். பூண்டு அரைத்துப் பூசச் சொல்வார்கள். ஏற்கெனவே மெலிந்த தோல், வெந்துவிடும்.

மகளுக்கு வந்திருக்கிறது என்றால் வீட்டில் எல்லோரையும் பார்க்க வேண்டும், உங்கள் கணவர் உட்பட. ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டால் அது வீட்டுக்குள்ளேயே சுற்றும். துண்டு, சோப்பு, சீப்பு ஆளுக்குத் தனி. உடுத்திய துணி, போர்வை, தலையணை உறையை நல்ல சூட்டு வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துத் துவைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வெயிலில் காயப்போடுங்கள்.

இன்னொன்று. மகளின் தலையை வெளிச்சத்தில் வகிடு பிரித்துப் பாருங்கள். எங்காவது வட்டமாக முடி ஒடிந்தோ, பொடுகு மாதிரிச் செதில் படிந்தோ இருந்தால் அது தலையில் வந்த படர்தாமரையாக இருக்கலாம். அதற்குக் களிம்பு பயன்படாது, மாத்திரைதான். இந்த வாரமே கூட்டிப் போங்கள். போகும்போது அந்த டியூபையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.