பிரசவ வார்டில் இலவச பால் பவுடர்: வாங்கிய தாய் மீது தவறா?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் சிசேரியன் ஆன மறுநாள் ஒரு பெண் வந்தார். "உங்களுக்குப் பால் பத்தாது" என்று சொல்லி, பால் பவுடர் டப்பாவும் புட்டியும் இலவசமாகத் தந்துவிட்டு என் போன் நம்பரை வாங்கிப் போனார். இப்போது வாராவாரம் போன் செய்கிறார். புகார் கொடுக்கலாம் என்றால், "ஓசியில் வாங்கிட்டுப் புகார் வேறயா?" என்கிறார் மாமியார். என் மீதும் தவறு வருமா?

பதில்: வராது அம்மா. தைரியமாக இருங்கள். குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள், பாலூட்டும் புட்டிகள், குழந்தை உணவுகள் குறித்த 1992-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தவரைத்தான் தண்டிக்கிறது. விற்பனைக்காக மாதிரி டப்பா கொடுப்பது மட்டுமல்ல, கர்ப்பிணியையோ கைக்குழந்தையின் தாயையோ தொடர்புகொள்வதே 4-ஆம் பிரிவின்படி குற்றம். அந்த வாராந்திர போனும் இதில் அடங்கும். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த அபராதம் இன்றைக்கு மிகக் குறைவு என்பது என் வருத்தம்.

சிசேரியன் ஆன மறுநாள் சில சொட்டு சீம்பால்தான் வரும், அது இயல்பு. அந்த நேரத்தில் புட்டி புகுந்தால் பிள்ளை மார்பில் சப்புவது குறையும், சப்புவது குறைந்தால் சுரப்பும் குறையும். டப்பா தீரும்போது கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும். அந்த இலவசம் இதற்காகத்தான்.

ஆனால் மருத்துவக் காரணத்துக்காக டாக்டர் பவுடர் பால் எழுதித் தந்தால் அது குற்றமில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் அப்படி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வந்தவர் நர்ஸா, கம்பெனி ஆளா என்பதும் முக்கியம். விற்பனைக்காக மருத்துவ ஊழியருக்குக் கம்பெனி பணமோ பரிசோ கொடுத்திருந்தால் அது 9-ஆம் பிரிவின்படி தனிக் குற்றம்.

காலி டப்பாவாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். பேட்ச் எண் தெரிய போட்டோ எடுங்கள். போன் வந்த தேதிகளைக் குறித்து வையுங்கள். நீதிமன்றத்தில் நீங்களே நேரடியாக வழக்குப் போட முடியாது. அதற்கு அதிகாரம் பெற்றவர்கள்தான் போட வேண்டும். எனவே மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மருத்துவமனை சம்பந்தப்பட்டிருப்பதால் நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

பிள்ளை இப்போது பவுடர் பால்தான் குடிக்கிறது என்றால், புகாருக்காக அதைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். குழந்தை மருத்துவரைப் பார்த்து, தாய்ப்பாலை மெல்ல மெல்லக் கூட்ட வழி கேளுங்கள்.