முந்தின ஃபாதர் இப்படிச் செய்ய மாட்டாரே!

கேள்வி: உதவிப் பங்குத்தந்தையாக இருந்த நான், போன மாதம் முதன்முறையாகப் பங்குத்தந்தையாக, அதாவது ஒரு பங்கின் (ஊர்க் கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும்) பொறுப்புக் குருவாகப் பொறுப்பேற்றேன். கடற்கரை ஊர், தாய்க்கோயிலோடு மூன்று கிளைக்கோயில்கள். பூசை நேரம், பாடற்குழு, கணக்கு, எதைத் தொட்டாலும் “முந்தின ஃபாதர் இப்படிச் செய்ய மாட்டாரே” என்கிறார்கள். அவர் ஐந்து வருஷம் இங்கே இருந்தவர். எங்கிருந்து ஆரம்பிப்பது?
- ஓர் இளம் குரு, தூத்துக்குடி மறைமாவட்டம்

பதில்: தம்பி, அந்தப் பேச்சைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் கூட நின்ற மனுஷன் மாற்றலாகிப் போயிருக்கிறார். மனசு ஆறக் கொஞ்ச நாள் ஆகும். அவரைப் பற்றி நீங்களும் மனதாரப் பேசுங்கள்.

முதல் வேலை வீடு சந்திப்பு. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 529 சொல்வதும் அதைத்தான்: குடும்பங்களைப் போய்ப் பார்க்க வேண்டும், நோயாளிகள், சாகக் கிடப்பவர்கள், ஏழைகள், தனித்திருப்பவர்கள் மேல் தனி அக்கறை வேண்டும். உபதேசியாரை (கோயிலில் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்து, உங்களுக்குத் துணையாக இருப்பவர்) கூட்டிக்கொண்டு, படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டிலிருந்து தொடங்குங்கள். பைக் வேண்டாம், நடந்தே போங்கள். திண்ணையில் இருக்கும் பாட்டி “சாமி, உள்ள வாங்க” என்றால் போய் உட்கார்ந்து, கொடுக்கிற கருப்பட்டிக் காப்பியைக் குடியுங்கள். ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரைக்கும் அவரே சொல்லிவிடுவார். ஆண்களைப் பார்க்க ஞாயிறு சாயங்காலம்தான் தோது. நம் கரையில் அன்றைக்குத் தொழிலுக்குப் போவதில்லையே.

ராத்திரியில் பதிவேடுகளை எடுத்து வைத்துப் படியுங்கள். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பதிவேட்டின் ஓரத்தில் கல்யாணக் குறிப்பு விடுபட்டிருந்தால் விசாரித்து எழுதுங்கள். இறப்புப் பதிவேட்டில் ‘கடலில் இறந்தவர்’ என்று இருக்கும் பெயர்களையும் தேதிகளையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அந்தந்த நாளில், யாரும் கூப்பிடாமலே, அந்த வீட்டுக்குப் போய் ஒரு ஜெபம் சொல்லுங்கள். மகனைக் கடலில் பறிகொடுத்த தாய்க்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைப் பார்த்தவன் நான்.

திருவிழாவை இந்த வருஷம் தொடவே தொடாதீர்கள். கொடிக்கயிறு யார் பிடிப்பது, எந்தச் சப்பரம் முதலில் எந்தத் தெரு வழியாகப் போவது, அசனத்துக்கு (ஊர்ப் பொது விருந்து) யார் அரிசி கொடுப்பது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பழைய வழக்கு இருக்கும். ஒரு சுற்று முழுக்கப் பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம். பூசை நேரமும் பாடற்குழுவும் அப்படியே போகட்டும்.

கணக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தாக வேண்டும் என்பது சட்டம் 537. இருந்தால் உடனே கூட்டுங்கள், இல்லையென்றால் அமையுங்கள். மாத வரவு செலவைப் பூசை முடிந்ததும் வாசியுங்கள். யார் முகம் சுளித்தாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கிளைக்கோயில் மக்களுக்கு எப்போதும் ஒரு மனக்குறை உண்டு, பூசை முடிந்த கையோடு ஃபாதர் வண்டி ஏறிவிடுகிறார் என்று. மாதத்தில் ஒரு ராத்திரியாவது அங்கேயே தங்குங்கள். வெளியூர் போகும்போது பக்கத்துப் பங்கு ஃபாதரிடம் சொல்லிவைத்து, அவர் நம்பரை நாலு கோயில் பலகையிலும் எழுதிப் போட்டுவிட்டுப் போங்கள். சாவு நடந்த வீட்டுக்காரர்கள் சாமியாரைத் தேடி அலையக் கூடாது.