வாக்குச்சீட்டிலும் இனம்: போஸ்னியா தேர்தல் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஐரோப்பாவில் உள்ள போஸ்னியாவுக்கு மூன்று குடியரசுத் தலைவர்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். தலைமைக் குழுவில் போஸ்னியாக் ஒருவர், குரோட் ஒருவர், செர்ப் ஒருவர் என மூவர். எட்டு மாதத்துக்கு ஒருவராக முறைவைத்துத் தலைமை ஏற்பார்கள். இந்த இனங்களுக்கிடையே 1992இல் மூண்ட போர் ஏறத்தாழ ஒரு லட்சம் உயிர்களைக் குடித்தது. 1995 நவம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் உடன்பாடு கண்டார்கள்; டிசம்பர் 14 அன்று பாரிஸில் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தத்தின் நான்காம் இணைப்புதான் இன்றைக்கும் அந்நாட்டின் அரசியலமைப்புச் சட்டம். துப்பாக்கிகளை ஓயவைக்க எழுதிய தாளை வைத்துக்கொண்டுதான் முப்பது ஆண்டுகளாக ஆட்சி நடக்கிறது.

கேள்வி: மூன்று இனத்துக்கும் மொழி வேறா?

பதில்: பெயர்தான் வேறு. அங்கே சிகரெட் பெட்டியில் ‘புகை கொல்லும்’ என்ற எச்சரிக்கை மூன்று மொழிகளில் இருக்கும். மூன்று வரியிலும் அதே சொற்கள்தாம். மூன்றாவது வரி மட்டும் ரஷ்ய எழுத்தைப் போன்ற சிரிலிக் எழுத்தில். மதத்தால்தான் பிரிவு: போஸ்னியாக்குகள் பெரும்பாலும் முஸ்லிம்கள், குரோட்டுகள் கத்தோலிக்கர், செர்புகள் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்.

கேள்வி: நான் இங்கே பலமுறை தேர்தல் பணி பார்த்தவன். அங்கே வாக்காளர் கையில் என்ன கொடுப்பார்கள்?

பதில்: நான்கு வாக்குச்சீட்டுகள். நாட்டில் இரண்டு பகுதிகள்: போஸ்னியாக்குகளும் குரோட்டுகளும் மிகுந்த கூட்டமைப்பு, செர்புகள் மிகுந்த ரெபுப்ளிகா ஸ்ர்ப்ஸ்கா. கூட்டமைப்பு வாக்காளருக்குத் தலைமைக் குழு, நாடாளுமன்றம், கூட்டமைப்பின் அவை, மாவட்டம் போன்ற ‘கான்டன்’ அவை என நான்கு. முதல் சீட்டைக் கவனியுங்கள். அதில் போஸ்னியாக் வேட்பாளர்களும் குரோட் வேட்பாளர்களும் இருப்பார்கள். ஒருவருக்கு மட்டுமே குறியிடலாம். யார் எந்தப் பக்கம் குறியிட வேண்டும் என்று எந்தக் கட்டுப்பாடும் இல்லை. மற்றப் பகுதியிலோ செர்ப் வேட்பாளருக்கு மட்டும்தான் போடலாம்.

கேள்வி: அப்படியானால் குரோட் இடத்துக்கு யார் வேண்டும் என்பதை போஸ்னியாக்குகளே முடிவு செய்துவிடலாமே?

பதில்: அதுதான் தீராத வழக்கு. 2018இல் குரோட் இடத்தில் ஜெல்கோ கோம்ஷிச் சுமார் 53 விழுக்காடு பெற்று வென்றார். பெரிய குரோட் கட்சியின் தலைவர் டிராகன் சோவிச்சுக்கு 36. கோம்ஷிச் போஸ்னியாக் வாக்குகளால் வந்தவர் என்று அக்கட்சி குமுறியது. 2022இலும் அவரே வென்றார். மக்கள்தொகையில் 15 விழுக்காடே உள்ளவர்களின் அச்சம் பொய்யானதல்ல. ஆனால் அதற்கு மருந்தாக இனவாரியாக இன்னும் இறுக்கிக் கட்டினால், வேலியைத் தாண்டி வாக்களிக்க நினைப்பவருக்கு இருக்கும் ஒரே சந்தும் அடைபடும்.

கேள்வி: தேர்தல் இரவிலேயே சட்டத்தை மாற்றினார்களாமே?

பதில்: ஆம், 2022 அக்டோபர் 2. வாக்குச்சாவடிகள் மூடியதும், ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் சர்வதேச உயர் பிரதிநிதி கிறிஸ்டியன் ஷ்மிட், கூட்டமைப்பின் மேலவையை 58 இடத்திலிருந்து 80ஆக்கி ஆணையிட்டார். ஆட்சி அமையாமல் முட்டுக்கட்டை விழுவதைத் தவிர்க்கவே என்றார். முட்டுக்கட்டை மெய்தான்: 2015இல் அமைந்த கூட்டமைப்பு அரசு, இடையில் ஒரு தேர்தல் வந்துபோன பின்னும், 2023 ஏப்ரல்வரை நாற்காலியில் இருந்தது. ஆனாலும் மக்கள் வாக்கைப் போட்டுவிட்டு வீடு திரும்பிய பிறகு விதியை மாற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: இந்த மூன்று இனத்திலும் சேராதவர்கள் என்ன செய்வார்கள்?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சட்டத்தில் அவர்களுக்குப் பெயர் ‘மற்றவர்கள்’. வாக்களிக்கலாம், தலைமைக் குழுவுக்குப் போட்டியிட முடியாது. யாகோப் ஃபின்ட்ஸி ஒரு யூதர். 1943இல் ராப் தீவின் வதைமுகாமில் பிறந்தவர். போரில் தலைநகர் சரயேவோ முற்றுகையிடப்பட்டபோது எல்லா இனத்தாருக்கும் மருந்தும் உணவும் கொடுத்த யூத அறநிறுவனத்தை நடத்தியவர். தான் போட்டியிடலாமா என்று தேர்தல் ஆணையத்திடம் எழுதிக் கேட்டார். 2007 ஜனவரியில் பதில் வந்தது: யூத வழியினர் என்பதால் தகுதியில்லை. முகாமில் பிறந்த மனிதர், அறுபது வயதுக்கு மேல், தன் சொந்த நாட்டின் அலுவலகத் தாளில் அதைப் படித்திருக்கிறார். அவரும் ரோமா என்ற சிறுபான்மை இனத்தவரான டெர்வோ செய்டிச்சும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சென்று 2009 டிசம்பர் 22 அன்று வென்றார்கள். அதன்பின் 2010, 2014, 2018, 2022 என நான்கு பொதுத்தேர்தல்கள் பழைய விதியிலேயே நடந்தன. மூன்று இனத்தில் ஒன்றைச் சேர்ந்தவருக்கும் இந்தக் கதி வரும். ஸ்ரெப்ரெனிட்சாவில் வாழும் போஸ்னியாக் மருத்துவர் இலியாஸ் பிலாவ், செர்ப் பகுதியில் குடியிருப்பதால் போட்டியிட முடியவில்லை. 2016இல் அவருக்கும் தீர்ப்பு சாதகம், சட்டம் அப்படியே.

கேள்வி: இளையவர்களாவது மாற்றுவார்களா, ஐயா?

பதில்: தம்பி, அங்கே சில ஊர்களில் ஒரே பள்ளிக் கட்டடத்தில் குரோட் பிள்ளைகளும் போஸ்னியாக் பிள்ளைகளும் தனித்தனிப் பாடத்திட்டத்தில் படிக்கிறார்கள், சில இடங்களில் வாசலும் தனி. யாய்ட்செ என்ற சிற்றூரில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பிரித்துப் புதிய பள்ளி தொடங்க அதிகாரிகள் திட்டமிட்டார்கள். இரு இன மாணவர்களும் ஒன்றாகத் தெருவில் இறங்கினார்கள். 2017இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அவர்களில் பலருக்கு அப்போது வாக்களிக்கும் வயதுகூட ஆகவில்லை.